வெண்ணிற மேய்ப்பு நாய்: ஒரு பழியின் வரலாறு

வெள்ளிக்கிழமைகளில் கஹ்ஃப் அத்தியாயம் ஓதும் வழக்கமுள்ள இல்லங்களில், குகைவாசிகளின் வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லாத பெற்றோர் இருக்க மாட்டார்கள். இறைநம்பிக்கையைக் காத்துக்கொள்ள ஊரைத் துறந்த இளைஞர்கள், அவர்களது நீண்ட உறக்கம், குகை வாயிலில் காவலிருந்த நாய் என்று கதை வளர்ந்துகொண்டிருக்கும்போதே பிள்ளைகளிடமிருந்து ஒரு கேள்வி எழும்: அந்த நாய் என்ன நிறம்?

இக்கேள்வி பிள்ளைகளுக்கு மட்டும் உரியதன்று. பழங்கால விரிவுரையாளர்களும் இதைக் குறித்துப் பல கருத்துகளைச் சொல்லியிருக்கிறார்கள். ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டின் பேரறிஞர் இப்னு கஸீர் (ரஹ்) தமது விரிவுரையில் இக்கருத்து வேறுபாடுகளைக் குறிப்பிட்டுவிட்டு, இவற்றால் பயனில்லை, இவற்றுக்குச் சான்றுமில்லை, இவை வெறும் யூகத்தின் மேல் நிற்பவை என்று ஒதுக்கிவிடுகிறார். குகைவாசிகள் எத்தனை பேர் என்று சான்றின்றி எண்ணிக்கை சொன்னவர்களைக் குறித்து அதே அத்தியாயம் ஆளும் சொல்லையே அவரும் எடுத்தாள்கிறார். மறைவானதன் மீது கல்லெறிவது என்பது அச்சொல்லின் நேர்ப்பொருள்.

ஒரு நாயின் நிறத்தைப் பற்றிய யூகத்தை ஏன் இவ்வளவு கண்டிப்போடு விலக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றலாம். இதற்கு விடைபோல ஒரு வரலாறு சென்ற நூற்றாண்டில் ஐரோப்பாவில் நிகழ்ந்தது. ஒரு மேய்ப்பு நாயினத்தின் நிறத்தைக் குறித்து மனிதர்கள் யூகத்தால் தீர்ப்பெழுதினார்கள். அத்தீர்ப்பின் விளைவுகள் இன்றும் முற்றிலும் நீங்கவில்லை. அவ்வரலாற்றையே இக்கட்டுரையில் காண்போம்.

நாம் ‘அல்சேஷன்’ என்று அறிந்த நாய்

நம் ஊர்களில் ‘அல்சேஷன்’ என்றும், ‘போலீஸ் நாய்’ என்றும் வழங்கும் நாயை அறியாதவர் குறைவு. நிமிர்ந்த காதுகள், நீண்ட முகம், கறுத்த முதுகு, செம்பழுப்பு நிறக் கால்கள் என்னும் தோற்றம் நம் மனத்தில் பதிந்திருக்கிறது. அதன் உண்மைப் பெயர் ஜெர்மன் மேய்ப்பு நாய். முதல் உலகப் போருக்குப் பின் பிரித்தானியாவில் ‘ஜெர்மன்’ என்ற சொல்லே வெறுக்கப்பட்டதால், எல்லைப் பகுதியான அல்சேஸின் பெயரால் அதை அழைக்கலாயினர். ஆங்கிலேயர் வழியாக அப்பெயர் நம்மிடமும் வந்து தங்கிவிட்டது. பிரித்தானிய கென்னல் கிளப் 1977இல் பழைய பெயரை மீண்டும் ஏற்றுக்கொண்டது. நாம் இன்னும் பழக்கத்தால் அல்சேஷன் என்றே சொல்கிறோம்.

நாயை வீட்டுக்குள் வைத்து வளர்ப்பது பொதுவாக நம் சமுதாயத்தின் வழக்கமன்று. அதற்கான மார்க்கச் சட்டங்களை நாம் அறிவோம். ஆயினும் மந்தையைக் காக்கவும், வேட்டைக்கும், விளைநிலத்தைக் காக்கவும் நாய் வைத்துக்கொள்ள நபிமொழிகள் அனுமதி தந்திருக்கின்றன. ஆட்டு மந்தையோடு நடக்கும் நாய் என்பது மார்க்கம் பெயர் சொல்லி விலக்களித்த ஓர் உழைப்பாளி. அந்த உழைப்பாளியின் கதைதான் இது.

மேய்ப்பர்கள் நிறத்தைப் பார்த்த விதம்

மேய்ப்பர்களும் நாயின் நிறத்தைப் பார்த்தே தேர்ந்தார்கள். ஆனால் அவர்களது பார்வையில் காரணம் இருந்தது. கி.பி. முதல் நூற்றாண்டில் வேளாண்மை பற்றி எழுதிய ரோமானியரான கொலுமெல்லா, ஆட்டிடையருக்கு வெள்ளை நாயே ஏற்றது என்கிறார். விடியலின் மங்கலிலும் அந்தியின் மங்கலிலும் ஓநாய் என்றெண்ணித் தன் நாயையே அடித்துவிடக் கூடாதல்லவா? தோட்டத்து வீட்டைக் காக்கும் நாயோ கறுப்பாக இருக்கட்டும் என்கிறார் அவரே. பகலில் அதன் தோற்றம் திருடனை அச்சுறுத்தும். இரவில் அது அவன் கண்ணுக்குப் புலப்படாமல் நெருங்கும்.

துருக்கியின் அனத்தோலிய மேட்டுநிலத்து முஸ்லிம் மேய்ப்பர்களும் தம் மந்தைக் காவல் நாய்களை நிறத்தால் பெயரிட்டு அழைத்தார்கள். ‘அக்பாஷ்’ என்றால் வெண்தலை; ‘கராபாஷ்’ என்றால் கருந்தலை. இவை அடையாளப் பெயர்கள். உயர்வு தாழ்வு சொல்ல எழுந்தவை அல்ல. ஓநாய் வரும்போது எதிர்த்து நிற்கிறதா என்பதே அங்கு கேள்வி.

ஜெர்மனியின் மேய்ப்பு நாய்க்கு வேலை சற்று வேறானது. அங்கே மேய்ச்சல் நிலமும் பயிர் நிலமும் வேலியின்றி அடுத்தடுத்துக் கிடந்தன. ஆடுகள் பயிருக்குள் இறங்காமல், நாள் முழுவதும் வரப்போரமாக மேலும் கீழும் ஓடிக்கொண்டிருக்கும் உயிருள்ள வேலியாக நாய் விளங்கியது. சோர்வறியாத ஓட்டமும், மேய்ப்பரின் சொல்லைக் கேட்கும் காதும், ஆட்டைக் காயப்படுத்தாத கட்டுப்பாடும் அதற்கு வேண்டும். அந்நாய்களில் சாம்பல், கறுப்பு, செம்பழுப்பு, வெள்ளை என எல்லா நிறங்களும் இருந்தன. ஒரே ஈற்றில் பல நிறக் குட்டிகள் பிறப்பதும் இயல்பாக இருந்தது.

ஒரு சங்கமும் ஒரு பதிவேடும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொழிற்சாலைகளும் இருப்புப் பாதைகளும் பெருகின, மந்தைகள் குறைந்தன. மேய்ப்பு நாய்கள் அழிந்துபோகாமல் காக்க வேண்டும் என்ற எண்ணம் சிலரிடம் தோன்றியது. 1891இல் ‘ஃபைலாக்ஸ்’ என்றொரு சங்கம் அமைந்தது. உறுப்பினரிடையே கருத்தொற்றுமை இன்மையால் 1894இல் கலைந்தது.

அதன்பின் இப்பணியை ஏற்றவர் மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ். 1864இல் டிரெஸ்டன் நகரில் பிறந்த இவர் குதிரைப்படை அதிகாரி. 1899 ஏப்ரல் 3ஆம் நாள் கார்ல்ஸ்ரூ நகரில் நடந்த நாய்க் கண்காட்சியில், ஓநாயை ஒத்த தோற்றமும் வலிமையும் கொண்ட ஒரு நாயைக் கண்டு அங்கேயே விலைக்கு வாங்கினார். அதற்கு ‘ஹோராண்ட் ஃபான் கிராஃப்ராத்’ என்று புதுப்பெயர் சூட்டினார். அதே மாதம் 22ஆம் நாள் ஜெர்மன் மேய்ப்பு நாய்ச் சங்கத்தை நிறுவினார். சங்கத்தின் வம்சப் பதிவேட்டில் முதலாம் எண் ஹோராண்டுக்கு வழங்கப்பட்டது. இன்று உலகெங்கும் உள்ள ஜெர்மன் மேய்ப்பு நாய்கள் தம் வம்சத்தை அந்நாயிடம் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன.

அந்த முதல் நாயின் தாய் லேனே. லேனேயின் தந்தை கிரைஃப். ஃபிராங்க்ஃபர்ட் நகரத்து வளர்ப்பாளரான ஸ்பார்வாஸர் என்பவரிடம் 1879இல் பிறந்த கிரைஃப், 1880களில் கண்காட்சிகளில் பலரும் பாராட்டிய நாய். அதன் நிறம் வெள்ளை.

ஆக, இனத்தின் முதல் நாய்க்குத் தாய்வழிப் பாட்டன் ஒரு வெண்ணிற நாய். இதைச் சங்கத்தினர் மறைக்கவுமில்லை. தொடக்க காலத்தில் இதைக் குறையாகக் கருதவுமில்லை. நல்ல வேலைநாய்க்கு நிறம் ஒரு தடையாகாது என்பதே ஸ்டெஃபானிட்ஸின் கருத்தாக இருந்தது. நாயின் அழகு அதன் பயன்பாட்டில் இருக்கிறது என்று அவர் வலியுறுத்தி வந்தார்.

மறைந்து சென்ற மரபு

புதிய இனத்தின் தோற்றத்தையும் குணத்தையும் நிலைநிறுத்த ஸ்டெஃபானிட்ஸ் கையாண்ட வழி, நெருங்கிய உறவுக்குள்ளேயே இனச்சேர்க்கை செய்வது. ஹோராண்டின் குட்டிகளுள் புகழ்பெற்ற ஹெக்டர் ஃபான் ஷ்வாபென் 1900, 1901 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் சங்கத்தின் முதற்பரிசை வென்றது. அந்த ஹெக்டரை ஹோராண்டுக்குப் பிறந்த இன்னொரு பெண் நாயோடு சேர்த்தார்கள். அதாவது தந்தை வழிச் சகோதரியோடு. அவ்வாறு பிறந்தவற்றிலிருந்தே இனத்தின் பெருங்கிளைகள் விரிந்தன.

இதன் விளைவை எண்ணிப் பார்க்க வேண்டும். ஹோராண்டின் வலிமையும் அறிவும் அடுத்தடுத்த தலைமுறைகளுக்குச் சென்றபோது, கிரைஃபின் வெண்மையும் கண்ணுக்குத் தெரியாமல் கூடவே சென்றது. பெற்றோர் இருவரும் கறுப்பும் பழுப்பும் கலந்த நாய்களாக இருக்க, ஈற்றில் ஒன்றிரண்டு வெண்குட்டிகள் பிறப்பதுண்டு. முந்தைய தலைமுறையில் மறைந்திருந்தது பிந்தைய தலைமுறையில் வெளிப்படும் இவ்விதியை மெண்டல் என்ற துறவி 1866இலேயே எழுதி வெளியிட்டிருந்தார். அவர் இறந்து பதினாறு ஆண்டுகள் கழிந்த பின், 1900இல்தான் அறிவியல் உலகம் அதை மீண்டும் கண்டெடுத்தது. மேய்ப்பு நாய்ச் சங்கம் தொடங்கிய மறு ஆண்டு அது. ஆயினும் புத்தகத்தில் உள்ள அறிவு நாய் வளர்ப்போரின் தொழுவத்தை எட்டப் பல பத்தாண்டுகள் ஆயின.

பழி எழுந்த விதம்

மந்தைகள் குறையக் குறைய ஸ்டெஃபானிட்ஸ் தம் நாய்களுக்குப் புதிய வேலைகளைத் தேடினார். காவல்துறையும் இராணுவமும் அவற்றை ஏற்றன. முதல் உலகப் போரில் செய்தி கொண்டு செல்லவும், காயமுற்றோரைத் தேடவும் அவை பயன்பட்டன. போரில் பார்வையிழந்த வீரர்களுக்கு வழிகாட்டும் நாய்களைப் பழக்கும் பள்ளி 1916இல் ஓல்டன்பர்க் நகரில் தொடங்கியது. அங்கும் மேய்ப்பு நாய்கள் சிறப்பாகப் பணியாற்றின.

இப்புதிய வேலைகளில் சிலவற்றுக்கு வெண்மை இடையூறு என்ற வாதம் எழுந்தது. இரவுக் காவலில் வெள்ளை நாய் தொலைவிலேயே தெரிந்துவிடும் என்பதில் பொருள் இருக்கிறது. கொலுமெல்லா சொன்னதும் இத்தகைய காரணமே. ஒரு வேலைக்கு ஒரு நிறம் ஏற்றதன்று என்பது வேறு. அந்நிறமே நோய், அந்நிறமே கேடு என்பது வேறு. முதலாவது பணியைப் பற்றிய முடிவு. இரண்டாவது பிறப்பைப் பற்றிய பழி. இந்த இனத்தின் வரலாற்றில் முதலாவது மெல்ல இரண்டாவதாக மாறியது.

வெண்ணிற நாய் நிறமியற்ற அல்பினோ என்றார்கள். அதற்குக் காது கேட்காது, கண் மங்கும் என்றார்கள். மனநிலை நிலையற்றது என்றார்கள். வெள்ளை நாயைச் சேர்த்தால் மற்ற நாய்களின் கறுப்பும் பழுப்பும் தலைமுறைதோறும் வெளுத்துப்போகும் என்றார்கள். இனத்தில் எங்கே எந்தக் குறை தோன்றினாலும் விரல் வெள்ளை நாயை நோக்கி நீண்டது. நெருங்கிய உறவுக்குள் மீண்டும் மீண்டும் இனச்சேர்க்கை செய்ததால் குறைகள் பெருகியிருக்கலாமே என்று தம் பக்கம் விரல் நீட்டிக்கொண்டவர்கள் சிலரே.

1933இல் ஜெர்மனியில் இனத்தின் தரவரையறையிலிருந்து வெண்மை விலக்கப்பட்டது. நாஜிகள் ஆட்சிக்கு வந்த ஆண்டும் அதுவே. இரண்டையும் அவசரமாக முடிச்சுப் போட வேண்டியதில்லை. வெள்ளை நாய்க்கு எதிரான பேச்சு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. ஆயினும், தூய்மை என்ற சொல் அந்நாட்டில் எத்தனை எளிதாக எல்லாவற்றின் மீதும் ஏற்றப்பட்டது என்பதை அக்காலத்து வரலாறு அறிந்தவர் மறக்க மாட்டார்கள். ஸ்டெஃபானிட்ஸ் 1935இல் தாம் நிறுவிய சங்கத்தின் தலைமையிலிருந்து விலகினார். மறு ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள், சங்கம் தொடங்கியதன் முப்பத்தேழாம் ஆண்டு நிறைவு நாளில், பிறந்த ஊரான டிரெஸ்டனில் காலமானார்.

தரவரையறையில் எழுதிய ஒரு வரி தொழுவத்தில் என்ன செய்யும் என்பதையும் சொல்லியாக வேண்டும். வெண்குட்டி பிறந்தால் அது தம் நாய்களின் வம்சத்துக்கே இழுக்கு என்று அஞ்சிய வளர்ப்பாளர்கள் அக்குட்டிகளைப் பதிவு செய்யாமல் விட்டார்கள். பல குட்டிகள் கண் திறப்பதற்கு முன்பே கொல்லப்பட்டன. தாகத்தால் நாவைத் தொங்கவிட்டிருந்த நாய்க்குக் கிணற்றிலிறங்கித் தண்ணீர் மொண்டு கொடுத்தவரின் பாவங்கள் மன்னிக்கப்பட்டன என்ற நபிமொழியைக் கேட்டு வளர்ந்த நமக்கு, இச்செய்தி எளிதில் கடந்துபோகக் கூடியதன்று.

கடல் கடந்த தீர்ப்பு

அமெரிக்காவிலும் கனடாவிலும் வெள்ளை மேய்ப்பு நாய்களை விரும்பி வளர்த்தவர்கள் இருந்தார்கள். ஜெர்மனியிலிருந்து சென்ற நாய்களின் வழியாக அவ்வெண்மையும் கடல் கடந்திருந்தது. ஆனால் ஜெர்மன் தீர்ப்பும் பின்தொடர்ந்தது. 1968இல் அமெரிக்கன் கென்னல் கிளப், கண்காட்சி மேடையில் வெண்ணிறத்தைத் தகுதியிழப்புக்குரிய குற்றமாக்கியது. அதே வரையறையில் வெளுத்த நிறங்களும், நீலச்சாம்பலும், ஈரல் நிறமும் பெருங்குறை என்ற அளவோடு நின்றன. வெள்ளைக்கு மட்டுமே மேடையிலிருந்து முழு விலக்கு. கனடாவில் வெள்ளை நாய்களை வளர்ப்போர் சங்கம் அமைத்து நெடுங்காலம் வாதாடினார்கள். 1998இல் அங்கும் விலக்கு வந்தது.

விந்தை என்னவெனில், அமெரிக்கச் சட்டத்தின்படி வெள்ளை நாயைப் பதிவு செய்யலாம். கீழ்ப்படிதல் போட்டிகளில் அது கலந்துகொண்டு பரிசும் பெறலாம். வேலையைச் சோதிக்கும் களத்தில் அதற்கு இடமுண்டு. தோற்றத்தைச் சோதிக்கும் மேடையில் மட்டும் இடமில்லை. உழைப்பு பற்றிய புகார் எப்போதோ நீங்கிவிட்டது. நிறம் பற்றிய புகார் மட்டும் தங்கிவிட்டது.

சுவிட்சர்லாந்தில் ஒரு புதிய வாயில்

1966 மார்ச் 5ஆம் நாள் அமெரிக்காவில் ‘லோபோ’ என்ற வெண்ணிற ஆண் நாய் பிறந்தது. 1970களின் தொடக்கத்தில் வெள்ளை மேய்ப்பு நாய்கள் சுவிட்சர்லாந்துக்குக் கொண்டு செல்லப்பட்டபோது அதுவும் சென்றது. அந்நாட்டு வெள்ளை மேய்ப்பு நாய்களுக்கு அதுவே மூலத் தந்தையாகக் கருதப்படுகிறது. அமெரிக்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் மேலும் நாய்கள் வந்து சேர, அவற்றின் வம்சம் ஐரோப்பா முழுவதும் பரவியது.

ஜெர்மன் மேய்ப்பு நாய் என்ற பெயரோடு இவை எங்கும் நுழைய முடியாது. எனவே சுவிஸ் வளர்ப்பாளர்கள் வழக்கைத் தொடராமல் வேறு வாயிலைத் தேடினார்கள். 1991 ஜூன் மாதம் முதல் சுவிஸ் வம்சப் பதிவேட்டின் பிற்சேர்க்கையில் இவை தனியினமாக எழுதப்பட்டன. பன்னாட்டு நாய் வளர்ப்போர் கூட்டமைப்பு 2002இல் இவ்வினத்தைத் தற்காலிகமாகவும், 2011 ஜூலை மாதத்தில் நிலையாகவும் ஏற்றது. ‘சுவிஸ் வெள்ளை மேய்ப்பு நாய்’ என்ற பொருள்படும் பிரெஞ்சுப் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. அமெரிக்காவின் யுனைடெட் கென்னல் கிளப்பும் 1999இல் வெள்ளை மேய்ப்பு நாயைத் தனியினமாக ஏற்றிருந்தது.

கிரைஃபின் வழித்தோன்றல்கள் இவ்வாறு தம் பாட்டன் நாட்டின் பெயரை இழந்து, வேறொரு நாட்டின் பெயரால் வாழ்கின்றன. ஜெர்மன் இனத்தின் இன்றைய பன்னாட்டு வரையறையில் வெண்மைக்கு அனுமதி இல்லை. சுவிஸ் இனத்தின் வரையறையிலோ வெண்மைக்கு மட்டுமே அனுமதி. ஒரு பக்கம் அடைத்த கதவை மறுபக்கத்தில் இன்னொரு கதவால் ஈடுசெய்திருக்கிறார்கள். இரண்டு கதவுகளிலும் காவலிருப்பது நிறமே.

மரபணு சொன்ன சாட்சி

பழி சுமத்தியவர்களின் கூற்றுகளை அறிவியல் ஒவ்வொன்றாகச் சோதித்தது. நாயின் உரோமத்தில் இரண்டு வகை நிறமிகள் உண்டு. ஒன்று கறுப்பைத் தருவது. மற்றொன்று செம்மஞ்சளைத் தருவது. கறுப்பு நிறமியை உரோமத்துக்கு அனுப்ப ஒரு மரபணு கட்டளையிட வேண்டும். அம்மரபணுவில் ஏற்படும் ஒரு சிறு மாற்றம் அக்கட்டளையை நிறுத்திவிடுகிறது என்பதை 2000ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். தாய், தந்தை இருவரிடமிருந்தும் அம்மாற்றத்தைப் பெற்ற குட்டியின் உரோமத்தில் கறுப்பு வருவதில்லை. மஞ்சள் நிற லாப்ரடார் நாய்களிலும் பொன்னிற ரெட்ரீவர் நாய்களிலும் காண்பது இதே மாற்றம்தான். மேய்ப்பு நாயில் எஞ்சிய மஞ்சளும் வேறு மரபுக் காரணத்தால் மிக வெளுத்துப்போவதால் அது வெள்ளையாகத் தோன்றுகிறது.

எனவே வெள்ளை மேய்ப்பு நாய் அல்பினோ அன்று. அதன் கண்கள் கரும்பழுப்பு. மூக்கும் உதடும் கறுப்பு. தோலிலும் கண்ணிலும் நிறமி இருக்கிறது. உரோமத்தில் மட்டுமே இல்லை. இந்த மாற்றத்துக்கும் காது கேளாமைக்கும் தொடர்பு இல்லை.

நிறம் வெளுத்துப்போகும் என்ற அச்சத்துக்கும் இதே விடை போதும். வெண்மை ஒடுங்கு பண்பு. வெள்ளை நாயை, வெண்மரபு சிறிதும் இல்லாத வண்ண நாயோடு சேர்த்தால் பிறக்கும் குட்டிகள் அனைத்தும் வண்ணக் குட்டிகளே. அவற்றின் கறுப்போ பழுப்போ இதனால் மங்குவதில்லை. வெண்மரபை மறைவாகச் சுமக்கும் இரண்டு வண்ண நாய்கள் சேர்ந்தால், ஒவ்வொரு குட்டியும் வெள்ளையாகப் பிறக்க நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. பிறந்த வெண்குட்டிகளைக் கொன்றதால் வெண்மை அழியாமல் தொடர்ந்ததன் காரணமும் இதுவே. கொல்லப்பட்ட குட்டியின் வண்ணச் சகோதரர்கள் அதே மரபை மறைவாகச் சுமந்து, பரிசுக் கோப்பைகளோடு அடுத்த தலைமுறையை உருவாக்கிக்கொண்டிருந்தன. பழி வெளியே தெரிந்தவற்றின் மீது விழுந்தது. மரபோ எல்லாருக்கும் பொதுவாக இருந்தது.

எல்லா நிறமும் வெறும் நிறமா?

இவ்விடத்தில் நாம் மறுகோடிக்குச் சென்றுவிடக் கூடாது. நிறத்துக்கும் நலத்துக்கும் எங்குமே தொடர்பில்லை என்று சொல்லிவிட்டால் அதுவும் ஒரு யூகமே ஆகும்.

பார்டர் கோலி, ஆஸ்திரேலிய மேய்ப்பு நாய் முதலிய இனங்களில் சாம்பல் பின்னணியில் கருந்திட்டுகள் சிதறிய ‘மெர்ல்’ என்னும் நிறமுண்டு. பார்க்க அழகானது, விரும்பி வாங்குவோர் மிகுதி. 2006இல் அதற்குரிய மரபணு மாற்றம் கண்டறியப்பட்டது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் அம்மாற்றம் வந்தால் நாய் பெரும்பாலும் நலமாக வாழ்கிறது. இருவரிடமிருந்தும் வந்தால் குட்டியின் உடல் பெரும்பகுதி வெளுப்பதோடு, காது கேளாமையும் கண் குறைபாடுகளும் பல குட்டிகளில் நேர்கின்றன. இரண்டு மெர்ல் நாய்களைச் சேர்க்கக் கூடாது என்பது அதனால் எழுந்த அறிவுரை. அங்கே நிறம் உண்மையிலேயே ஓர் எச்சரிக்கை. தூற்றப்பட்ட வெண்மை குற்றமற்றதாகவும், விரும்பப்பட்ட அழகு ஆபத்து கலந்ததாகவும் இருந்ததைப் பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. கோலி முதலிய மேய்ப்பு நாய்கள் சிலவற்றுக்கு ஐவர்மெக்டின் என்ற புழு நீக்க மருந்து நஞ்சாகிவிடுவதைக் கால்நடை மருத்துவர்கள் கவனித்தார்கள். வெண்பாதம் கொண்ட நாய்க்கு அம்மருந்து ஆகாது என்ற சொல்வழக்கு அவர்களிடையே தோன்றியது. 2001இல் உண்மைக் காரணம் தெரிந்தது. மூளைக்குள் மருந்து புகாமல் தடுக்கும் ஒரு மரபணுவின் குறையே அது; பாதத்தின் நிறத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. பாதம் வெளுக்காத நாய்க்கும் அக்குறை இருக்கக்கூடும். நிறத்தை மட்டும் பார்த்து மருந்து கொடுத்தால் அந்நாய் உயிரிழக்கவும் கூடும். இன்று எளிய மரபணுச் சோதனை ஒன்று ஐயத்தைத் தீர்த்துவிடுகிறது.

வெள்ளை மேய்ப்பு நாய், மெர்ல், வெண்பாதம் ஆகிய மூன்றும் நமக்கு ஒன்றையே சொல்கின்றன. நிறத்தைக் கண்டவுடன் வெறுப்பதும் தவறு. கண்டவுடன் விரும்புவதும் தவறு. என்ன காரணம் என்று கேட்டறிவதே சரியான வழி.

நம் இல்லங்களுக்கு

ஃபாத்திர் அத்தியாயத்தின் 27, 28ஆம் வசனங்களை ஓதும்போது ஒரு வரிசையைக் காண்கிறோம். கனிகளின் நிறங்கள், மலைகளின் வெண்மையும் செம்மையும் கருமையும், பின்னர் மனிதர், உயிரினங்கள், கால்நடைகள் ஆகியவற்றின் பல்வேறு நிறங்கள். அந்த வரிசை முடிந்த இடத்திலேயே, அல்லாஹ்வை உண்மையாக அஞ்சுவோர் அறிவுடையோரே என்ற கருத்து வந்து நிற்கிறது. நிறங்களின் பன்மைக்கு அருகில் அறிவு வைக்கப்பட்டிருக்கிறது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

மனிதரையும் விலங்கையும் ஒப்பிடுவது நம் நோக்கமன்று. மனிதர் தீர்ப்பெழுதும் முறையைத்தான் இங்கே பார்க்கிறோம். நம் இல்லங்களில் பெண் பார்க்கும் பேச்சு எழும்போது குணம், மார்க்கப் பற்று, கல்வி ஆகியவற்றுக்கு முன்னே ‘என்ன நிறம்?’ என்ற கேள்வி வந்து நிற்பதை நாம் அறிவோம். பிறந்த குழந்தையைப் பார்க்க வருவோர் வாயிலும் முதல் சொல்லாக அது வருவதுண்டு. ‘மாநிறம்தான், ஆனால் நல்ல பிள்ளை’ என்பதில் உள்ள அந்த ‘ஆனால்’ எங்கிருந்து வந்தது என்று நாம் கேட்பதில்லை. பேத்தியின் நிறத்தைக் குறையாகச் சொல்லும் பாட்டிக்கு, அந்நிறம் தம் வழியாகவே வந்திருக்கலாம் என்பது தோன்றுவதில்லை. வெண்குட்டியை விலக்கியவர்களுக்கும் தம் பதிவேட்டின் முதல் எண்ணுக்குப் பின்னால் கிரைஃப் நிற்பது தோன்றவில்லை.

இன்று அறிவு எட்டாத தொலைவில் இல்லை. ஆயினும் வரையறைகள் பல இன்னும் மாறவில்லை. காரணம் தவறென்று தெரிந்த பின்னும் பழக்கம் அப்படியே நிற்கும் என்பதற்கு இவ்வரலாறே சான்று. தாளில் எழுதிய வரையறையை மாற்றச் சங்கங்கள் கூட வேண்டும். நம் நாவில் உள்ள வரையறையை மாற்ற நாமே போதும்.

பிள்ளைகள் அடுத்த முறை குகைவாசிகளின் நாயின் நிறத்தைக் கேட்டால், அது நமக்குச் சொல்லப்படவில்லை என்று சொல்லுவோம். அது என்ன செய்துகொண்டிருந்தது என்பது மட்டும் சொல்லப்பட்டிருக்கிறது. உள்ளே இளைஞர்கள் உறங்க, வாயிலில் முன்னங்கால்களை நீட்டியபடி அது படுத்திருந்தது.